மாதம் 2,000 கிலோமீட்டர், நடுவே பள்ளிக்கூட நடை: டீசல் கார் எடுக்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறேன். 2012இல் எடுத்த ஸ்விஃப்ட் டீசல் 2,30,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, மாற்ற வேண்டும். வாரத்தில் மூன்று நாள் லைன், அதாவது வெளியூர்க் கடைகளுக்கான சுற்று: ஒரு நாள் மதுரை, ஒரு நாள் ராமநாதபுரம், ஒரு நாள் அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டை. மாதம் 2,000 கிலோமீட்டர் வரும். மற்ற நாட்களில் மனைவி பிள்ளையைப் பள்ளியில் விட எடுப்பார், 2 கிலோமீட்டர்தான். மறுபடியும் டீசலே எடுக்கலாம் என்று போனால், "டீசலை இப்ப யாரு சார் எடுக்கிறா? டிபிஎஃப்னு ஒரு புகை வடிகட்டி இருக்கு, அடைச்சா லட்ச ரூபா" என்கிறார் ஷோரூம் பையன். எங்கள் மெக்கானிக்கோ, "எடுங்கண்ணே, அடைச்சா கழட்டி எறிஞ்சிரலாம்" என்கிறார். பெட்ரோல் எடுக்கலாம் என்றால் எத்தனால் பயம். பத்து வருஷத்தில் டீசலைத் தடை செய்துவிடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்ய?

பதில்:

மெக்கானிக்கின் யோசனையை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஷோரூம் பையன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்தாது. நீங்கள் டீசல் எடுக்கலாம். ஆனால் பழைய ஸ்விஃப்டை ஓட்டிய பழக்கத்திலேயே இதையும் ஓட்டினால் அவர் சொன்னது பலித்துவிடும்.

டீசலா பெட்ரோலா என்று கேட்டால் எல்லாரும் திருப்பிக் கேட்பது "மாசம் எத்தனை கிலோமீட்டர்?" என்பதைத்தான். 2020 வரை அந்த ஒரு கேள்வி போதும். இப்போது அதைவிட முக்கியமானது இன்னொன்று: ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் எவ்வளவு தூரம் தொடர்ந்து போவீர்கள்? ஒரு மெடிக்கல் ரெப் சென்னைக்குள்ளேயே நாலு நாலு கிலோமீட்டராக நிறுத்தி நிறுத்தி மாதம் 2,000 ஓட்டலாம். உங்களுக்கும் அதே 2,000தான். அவருக்கு டீசல் வேண்டாம் என்பேன், உங்களுக்கு எடுங்கள் என்பேன். வித்தியாசம் முழுக்க சைலன்ஸர் பக்கம் இருக்கிறது.

உங்கள் பழைய வண்டியில் இல்லாத ஒரு பெட்டி புது வண்டியில் இருக்கும். அதுதான் டிபிஎஃப், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது, டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியே விடலாம் என்ற கரித்தூள் அளவு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமுக்கு இறங்கியது. நைட்ரஜன் ஆக்சைடு 250இலிருந்து 80க்கு இறங்கியது. இன்ஜினை மட்டும் திருத்தி இந்த அளவுக்குள் கொண்டுவர முடியாது, அதனால் சைலன்ஸர் குழாயில் ஒரு சின்ன தொழிற்சாலையே ஏறியது. அந்தச் செலவு சிறிய வண்டிக்குக் கட்டுப்படியாகாது என்றுதான் மாருதி அந்த ஏப்ரலோடு டீசலையே விட்டது.

டிபிஎஃப் என்பது தேன்கூடு மாதிரி துளைகள் கொண்ட பீங்கான் கட்டை. ஒரு துளை முன்பக்கம் அடைத்திருக்கும், அடுத்த துளை பின்பக்கம் அடைத்திருக்கும். புகை ஒரு துளையில் நுழைந்து சுவர் வழியாகக் கசிந்து பக்கத்துத் துளையில் வெளியேற, கரி சுவரிலேயே தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். நீங்கள் மதுரை ரோட்டில் லோடோடு போகும்போது புகையின் சூடு 300 டிகிரி அளவில் இருக்கும். அந்தச் சூட்டில் கரி கொஞ்சம் கொஞ்சமாகத் தானே எரிந்துகொண்டிருக்கும். அது போதாமல் கரி சேர்ந்தால் இசியு, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், வேலையைக் கையில் எடுக்கிறது. கட்டைக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு சென்சார் அளக்கிறது. அளவு மீறினால், பவர் ஸ்ட்ரோக் முடிந்த பிறகு இன்ஜெக்டர் கொஞ்சம் டீசலை அதிகமாகத் தெளிக்கும். அது சிலிண்டரில் எரியாமல் வெளியே போய், டிபிஎஃபுக்கு முன்னால் இருக்கும் கேட்டலிஸ்ட் என்ற வினையூக்கியில் எரிந்து, சூட்டை 600 டிகிரிக்கு ஏற்றும். கரி எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். இதற்குப் பெயர் ரீஜெனரேஷன், ஒர்க்‌ஷாப்பில் ரீஜென் என்பார்கள். ஓட்டத்தைப் பொறுத்து 300 முதல் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை நடக்கும். 10 முதல் 20 நிமிடம் பிடிக்கும்.

அந்த 20 நிமிடம் வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு. பள்ளிக்கூடம் 2 கிலோமீட்டர் என்றால் கூலண்ட் சூடாவதற்குள் சாவியைத் திருப்பியாகிவிடும். ரீஜென் தொடங்கவே தொடங்காது, அல்லது தொடங்கிப் பாதியில் நிற்கும். பாதியில் நின்ற ரீஜெனால் கரி அப்படியே இருக்கும். அதோடு கூடுதலாகத் தெளித்த டீசலில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். சென்னை ரெப்பின் வண்டியில் தினம் நடப்பது இதுதான். உங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் நீட்டு ஓட்டம் இருக்கிறது. இரண்டு நாள் பள்ளி நடையில் சேர்ந்த கரியை ஒரு மதுரை லைன் எரித்துவிடும்.

ரீஜென் நடப்பதைப் பல வண்டிகள் வாய்விட்டுச் சொல்லாது, நீங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும்போது ஐடில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறி நிற்கும். சிக்னலில் தானே அணையும் வண்டி அன்றைக்கு அணையாது. மைலேஜ் மீட்டர் காரணமில்லாமல் இறங்கும். வீட்டுக்கு வந்து நிறுத்தி இறங்கினால் ஃபேன் மட்டும் கொர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும், காய்ந்த இரும்பு வாசனை வரும். அப்படித் தெரிந்தால் சாவியை எடுக்காதீர்கள், ஊரைச் சுற்றி ஒரு பத்து கிலோமீட்டர் போய் வாருங்கள்.

டிபிஎஃப் விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியதும் அதேதான். மஞ்சள் விளக்கு என்பது "அடைத்துவிட்டது" என்பதல்ல, "எனக்கு 20 நிமிடம் ரோடு கொடு" என்று வண்டி கேட்பது. டேங்கில் கால்வாசிக்கு மேல் டீசல் இருக்கட்டும், ரிசர்வ் விளக்கு எரிந்தால் பல வண்டிகள் ரீஜெனையே தொடங்குவதில்லை. 60க்கு மேல் வேகத்தில், ஒரு கியர் குறைத்து, 2,000க்கும் 2,500க்கும் இடையே ஆர்பிஎம் நிற்கிற மாதிரி ஓட்டுங்கள். விளக்கு அணைந்த பிறகும் ஐந்து நிமிடம் போங்கள். இதைச் செய்யாமல் இரண்டு வாரம் பள்ளி நடையே ஓட்டினால் விளக்கு மினுக்கத் தொடங்கி, கூடவே இன்ஜின் விளக்கும் வரும், பிக்கப் செத்துவிடும். அந்தக் கட்டத்தில் ரோட்டில் விரட்டிப் பிரயோஜனமில்லை. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டி நிறுத்திவைத்தே எரிப்பார்கள். அதையும் விட்டால்தான் கழற்றிக் கழுவுவது, மாற்றுவது, லட்ச ரூபாய் எல்லாம்.

ஷோரூமில் சொல்லாத ஒன்று உண்டு. ஹைவேயில் ஓடும் வண்டியில் டிபிஎஃப் தானாக அடைவது அபூர்வம், வேறு எதுவோ கெட்டு அதை அடைக்கும். இன்ஜெக்டர் ஒழுகினால் கரி மிதமிஞ்சி வரும். டர்போவிலிருந்து இன்டேக்குக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கீறினால் காற்று குறைந்து கரி கூடும். புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி ஒட்டிக்கொண்டாலும் அதே கதை. தெர்மோஸ்டாட் திறந்தே நின்றுவிட்டால் இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராது, ரீஜென் நடக்காது. அந்த அழுத்த சென்சாருக்குப் போகும் இரண்டு மெல்லிய குழாயில் ஒன்று உருகியோ வெடித்தோ போயிருந்தால், நல்ல டிபிஎஃபையே அடைந்ததாக இசியு நினைக்கும். காரணத்தைப் பார்க்காமல் டிபிஎஃபை மட்டும் மாற்றினால் புதுசும் ஆறு மாதத்தில் அடையும். "அடைச்சிருச்சு, மாத்தணும்" என்று யாராவது சொன்னால் நீங்கள் கேட்க வேண்டியது: "கரி எத்தனை கிராம் காட்டுது? சாம்பல் எவ்வளவு? ஏன் அடைச்சுது?" மூன்றும் ஸ்கேனரிலும் சோதனையிலும் தெரியும் விஷயங்கள்.

கரி வேறு, சாம்பல் வேறு. கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் வருவது டீசலிலிருந்து அல்ல, இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கும் உலோகச் சேர்க்கைகளிலிருந்து. அதனால்தான் ஆயில் விஷயத்தில் பிடிவாதம் தேவை. மேனுவலில் ஆயில் தரம் ஏசிஇஏ சி2 அல்லது சி3 என்று போட்டிருந்தால் டப்பாவின் பின்பக்கம் அதே எழுத்தும் எண்ணும் இருக்க வேண்டும். 5டபிள்யூ-30 என்ற பாகுத்தன்மை எண் மட்டும் பொருந்தினால் போதாது. லாரிக்கு ஊற்றும் சிஐ-4 ஆயில் நல்ல ஆயில்தான், ஆனால் சாம்பல் அதிகம். உங்கள் பழைய ஸ்விஃப்டுக்கு அதை ஊற்றியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. புது வண்டியில் ஒவ்வொரு ஆயில் மாற்றமும் டிபிஎஃபின் ஆயுளில் கை வைக்கும்.

டிப்ஸ்டிக் பார்க்கும் பழக்கமும் மாற வேண்டும். பழைய வண்டியில் ஆயில் குறைகிறதா என்று பார்ப்போம், இதில் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். மாதம் ஒரு நாள், காலையில் வண்டி எடுக்கும் முன், சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுக்க இறக்கி எடுங்கள். போன மாதம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது இந்த மாதம் மேல்கோட்டில் நின்றால் ஆயில் ஊறவில்லை, டீசல் இறங்கியிருக்கிறது. மோந்து பார்த்தால் தெரியும். ஒரு சொட்டை டிஷ்யூ பேப்பரில் விட்டு அரை மணி வைத்தால், நடுவில் கறுப்பு வட்டமும் அதைச் சுற்றி அகலமாகப் பரவிய வெளிறிய வளையமும் தெரியும். இது ஆய்வகச் சோதனை இல்லை, சந்தேகத்தைக் கிளப்ப மட்டும் உதவும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் சர்வீஸ் கிலோமீட்டர் வரட்டும் என்று காத்திருக்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். நீர்த்த ஆயிலில் முதலில் சாவது டர்போவின் பேரிங், அப்புறம் கிராங்க் பேரிங்.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் டீசல் என்கிறேன்?

டீசல் இன்ஜின் காற்றை 15, 16 மடங்கு அழுத்துகிறது, பெட்ரோல் இன்ஜின் 10, 11 மடங்குதான். கூட அழுத்தினால் அதே எரிபொருளிலிருந்து கூட வேலை கிடைக்கும். பெட்ரோலில் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தினால் காற்று வரும் வழியிலுள்ள த்ராட்டில் கதவு மூடிக்கொண்டு, இன்ஜின் மூச்சுத் திணறிக் காற்றை இழுக்கும். டீசலில் காற்று எப்போதும் தாராளம், எண்ணெயின் அளவை மட்டும் கூட்டிக் குறைப்பார்கள். ஹைவேயில் லேசான காலில் போகும்போது மைலேஜ் எகிறுவது இதனால்தான். லிட்டருக்கு லிட்டர் பார்த்தாலும் டீசலில் ஆற்றல் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம்.

இழுவையைப் பாருங்கள். ஹூண்டாயின் 1.5 லிட்டர் டீசலுக்கு 116 குதிரைத்திறன், அதே கம்பெனியின் டர்போ இல்லாத 1.5 பெட்ரோலுக்கு 115. காகிதத்தில் சமம். ஆனால் பெட்ரோல் அந்த 115ஐத் தருவது 6,300 ஆர்பிஎம்மில். அதன் டார்க், அதாவது திருகு விசை, 144 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,500இல். டீசலுக்கு 250, 1,500 முதல் 2,750 வரை தட்டையாக. 2,000 ஆர்பிஎம்மில் வைத்துக் கணக்குப் போட்டால் டீசல் 71 குதிரை தருகிறது, பெட்ரோல் தன் முழு டார்க்கையும் அங்கேயே தந்தால்கூட 41தான். நாலு பேர், டிக்கியில் மருந்துப் பெட்டி, ஏசி முழுக்க, முன்னால் ஒரு அரசு பஸ்: தேவகோட்டை ரோட்டில் அதை முந்த டீசலில் கியர் குறைக்க வேண்டியதில்லை, பெட்ரோலில் இரண்டு கியர் குறைக்க வேண்டும். நாள் முழுக்க ஓட்டுபவருக்குக் களைப்பில் இந்த வித்தியாசம் தெரியும்.

டர்போ பெட்ரோலில் இதே இழுவை கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். ஆனால் அந்த இழுவையைப் பயன்படுத்தும்போதெல்லாம் அது குடிக்கும். விலையும் ஏறக்குறைய டீசலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இப்போது காசு. பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50 என்று வைத்துக்கொள்கிறேன், அன்றைய விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். உங்களுக்கு ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர். சாதா பெட்ரோல் உங்கள் கலப்பு ஓட்டத்தில் 14.5 தந்தால் 1,655 லிட்டர், 1,67,000 ரூபாய். டீசல் 19 தந்தால் 1,263 லிட்டர், 1,17,000 ரூபாய். மிச்சம் 50,000. இதிலிருந்து சர்வீஸ் கூடுதல் செலவு, புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசல் என்று 5,000 கழியுங்கள், 45,000 நிற்கும். ஆன்ரோடு விலையில் டீசல் ஒன்றரை லட்சம் கூட என்றால் மூன்றரை வருஷத்துக்குள் வித்தியாசம் திரும்பிவிடும். ஆண்டுக்கு 10,000 ஓட்டுபவருக்கு இதே கணக்கு எட்டு வருஷத்தைத் தாண்டும். அவருக்குக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் டீசல் வேண்டாம்.

ஒரு காலத்தில் டீசல் கணக்கு வேறு மாதிரி இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்குவதற்கு முந்தைய ஆண்டுகளில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பெரிய இடைவெளி. மைலேஜில் சமமாக இருந்திருந்தாலும் டீசல் ஜெயித்திருக்கும். உங்கள் ஸ்விஃப்ட் அந்தக் காலத்து முடிவு. இன்றைக்கு இடைவெளி எட்டு, ஒன்பது ரூபாய்தான், மைலேஜ்தான் வேலை செய்ய வேண்டும்.

வரியும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1,500 சிசிக்கு உட்பட்ட டீசல் இன்ஜினும் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. நெக்ஸான், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, சோனெட், வென்யூ மாதிரி குட்டி எஸ்யூவிகள் முதல் வகை. கிரெட்டா, செல்டாஸ் இரண்டாவது வகை. சோனெட், வென்யூவில் உள்ள இன்ஜினேதான் இவற்றிலும், பின்சீட் இடத்துக்காகத்தான் அந்தப் பணம்.

நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க இரண்டு வழி உண்டு. 2020இல் வந்த சில சிறிய டீசல் கார்களில், அதைப் பிடித்து வைத்து அவ்வப்போது எண்ணெய் கூட்டி எரிக்கும் கேட்டலிஸ்ட் மட்டும் இருந்தது. 2023 ஏப்ரலிலிருந்து ஆய்வகத்தில் மட்டுமல்லாமல் ரோட்டிலும் புகையை அளக்கும் விதி வந்தது. 2015இல் ஃபோக்ஸ்வாகன் சோதனைக்கூடத்தில் ஒரு மாதிரியும் ரோட்டில் வேறு மாதிரியும் நடக்கும் மென்பொருளை வைத்து மாட்டிய பிறகு வேகம் பிடித்த விதி இது. டீசலின் பெயர் கெட்டதும் அப்போதுதான், கெட வேண்டிய பெயர்தான். இந்த விதிக்காகப் பல வண்டிகளில் யூரியாக் கரைசல் தெளிக்கும் எஸ்சிஆர் ஏறியது. செகண்ட் ஹேண்ட் பார்ப்பதாக இருந்தால் 2023க்குப் பிந்தைய வண்டியைத் தேடுங்கள். டெல்லிப் பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால், கிலோமீட்டர் குறைவாக இருப்பதே அதில் குறை என்று எடுத்துக்கொள்ளுங்கள். டிராஃபிக்கிலேயே வாழ்ந்த டிபிஎஃப் அது.

அந்தக் கரைசலை டெஃப் என்பார்கள், ஆட்புளூ என்பது அதன் வணிகப் பெயர்களில் ஒன்று. 32.5 சதவீதம் யூரியா, மீதி கனிமம் நீக்கிய தண்ணீர். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் அளவில் போகும். தீர்ந்தால் வண்டி அங்கேயே நிற்காது, முன்கூட்டியே கிலோமீட்டர் எண்ணிக்கை காட்டி எச்சரிக்கும். அதையும் மீறி அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஐஎஸ்ஓ 22241 என்று அச்சிட்ட, சீல் உடைக்காத டப்பா மட்டும் வாங்குங்கள். உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்புங்கள். அதிலிருக்கும் அசுத்தம் தெளிப்பானை அடைத்துவிடும். ஊற்றும்போது சிந்தியது காய்ந்தால் வெள்ளை உப்பாகப் பூக்கும், பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நீல மூடியும் டீசல் மூடியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வண்டிகளில் பங்க் பையனை நம்பி விட வேண்டாம். டீசல் டேங்கில் டெஃப் போனால் முழு எரிபொருள் அமைப்பும் போச்சு.

அதேபோல் டீசல் டேங்கில் பெட்ரோல் போட்டுவிட்டால், சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்பாதீர்கள். ஆன் செய்த நொடியே டேங்க் பம்ப் ஓடி அதை முன்னால் தள்ளும். இப்போதைய காமன்ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய்) பம்ப் 1,600, 2,000 பார் அழுத்தம் தருகிறது, கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். இந்தப் பம்ப்பின் உள்பாகங்களுக்கு மசகு டீசலே. பெட்ரோலில் அந்த வழவழப்பு இல்லை. பம்ப் தேய்ந்து உதிர்ந்த இரும்புத்தூள் ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் வழியாக டேங்க் வரை போகும். நகர்த்தாமல் டேங்கை இறக்கிக் காலி செய்தால் சில ஆயிரத்தில் முடியும், ஸ்டார்ட் செய்து வீட்டுக்கு வந்தால் லட்சம்.

டீசல் ஃபில்டரை மேனுவல் சொல்லும் கிலோமீட்டருக்கு முன்பாகவே, 20,000க்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். டீசலில் தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தால் அன்றே ஃபில்டரின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி, தெளிந்த டீசல் வரும் வரை வடித்துவிட வேண்டும். பழைய மெக்கானிக்குகள் ஏர் லாக் எடுக்க இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்துவார்கள். காமன்ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படும்.

ஓட்டும் முறையில் இரண்டு விஷயம் போதும். மைலேஜ் ஆசையில் ஆறாம் கியரில் 1,200 ஆர்பிஎம்மில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கரியும் கூடும், டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சக்கரம்) உள்ள வண்டியில் அதன் ஸ்பிரிங்கும் அடிவாங்கும், கிளட்ச்சோடு சேர்த்து மாற்றினால் பெரிய செலவு. வேகமாக வந்து நிறுத்தினால் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள், டர்போவின் சூடு இறங்கட்டும்.

உங்கள் ஊருக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். தை, மாசியில் ராமநாதபுரம் பக்கம் ரோட்டிலேயே வைக்கோலும் எள்ளும் உளுந்தும் பரப்பி வைப்பார்கள், வண்டி ஏறிப் போனால் தானியம் உதிரும் என்று. ரீஜென் நடக்கும் வண்டியின் அடிக்குழாய் எவ்வளவு சூடு என்று மேலே பார்த்தோம். அதன்மேல் போக வேண்டி வந்தால் மெதுவாகப் போய், தாண்டியதும் ஓரங்கட்டி அடியில் எதுவும் சுற்றியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். காய்ந்த சருகின் மேல் நிறுத்தாதீர்கள்.

இனி மெக்கானிக் யோசனை. டிபிஎஃபைக் குடைந்து எடுத்து, இசியு மென்பொருளை மாற்றி, விளக்கு எரியாமல் செய்வதைத்தான் அவர் சொல்கிறார். செய்ய ஆள் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி பதிவுக்குப் பின் வண்டியில் செய்யக்கூடாத மாற்றம் அது. வாரன்டி அன்றோடு போகும். சட்டத்தை விட்டாலும், உங்கள் பின்னால் ஸ்கூட்டரில் வருபவரின் நெஞ்சுக்குள் போகும் கரி அது. உங்கள் ஓட்டத்துக்கு அதன் தேவையே இல்லை என்பது வேறு விஷயம்.

எத்தனால் பெட்ரோலில்தான் கலக்கிறார்கள். லிட்டருக்கு எத்தனாலில் 21 மெகாஜூல், பெட்ரோலில் 32. அதனால் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலின் ஆற்றல் கலப்பில்லாததைவிட 6, 7 சதவீதம் குறைவு. மைலேஜ் அதே அளவுக்கு விழும் என்றில்லை. இப்போது வரும் புது வண்டிகள் அதற்கேற்ற ரப்பர், சீல்களோடுதான் வருகின்றன, எனவே பயத்தால் டீசலுக்கு ஓட வேண்டாம். கணக்கால் வாருங்கள்.

பத்து வருஷத் தடை டெல்லித் தலைநகர்ப் பகுதிக்கென்று வந்தது. 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் போட்டது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தமிழ்நாட்டில் தனியார் காருக்கு ஆர்சி 15 வருஷம், பிறகு தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்கலாம். வருஷம் 24,000 ஓட்டும் நீங்கள் பத்து வருஷத்தில் 2,40,000 தொட்டிருப்பீர்கள், அதற்குள் வண்டி தன் விலையைச் சம்பாதித்துக் கொடுத்திருக்கும்.

வண்டியை முடிவு செய்யும் முன் டெஸ்ட் டிரைவை ஷோரூமைச் சுற்றி முடித்துவிடாதீர்கள். திருப்பத்தூர் ரோட்டில் அரை மணி கேளுங்கள். மூன்றாம் கியரில் 30இல் வைத்து ஏசி போட்டு அழுத்திப் பாருங்கள். 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே சில டீசல்கள் தூங்கும், அதோடு உங்களால் வாழ முடியுமா என்பதை அங்கேயே தெரிந்துகொள்ளலாம். மேனுவலை வாங்கி மூன்று பக்கம் புரட்டுங்கள்: ஆயில் தரம், டிபிஎஃப் விளக்கின் படம், டெஃப் டேங்க் அளவு. டெலிவரி நாளில் அந்த விளக்கின் படத்தை உங்கள் மனைவிக்கும் காட்டிவிடுங்கள். அது முதல் தடவை எரிவது அனேகமாகப் பள்ளிக்கூட வாசலில்தான் இருக்கும். பயந்து வண்டியை அங்கேயே நிறுத்தி மெக்கானிக்குக்குப் போன் போட வேண்டாம், வீட்டுக்கு ஓட்டி வந்து உங்களிடம் சொன்னால் போதும். மறுநாள் லைனுக்குக் கிளம்பும்போது டேங்கில் டீசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஐந்தாம் கியரிலேயே மேலூர் வரை போங்கள்.